இடது பக்கம் இரண்டு குழாய்கள்

அன்றைக்கு எங்கள் வீட்டில் கை கழுவும்போது தண்ணீர் தெறித்து உங்கள் சட்டை நனைந்துவிட்டது. முதலில் அதற்கு வருத்தம் சொல்லிவிடுகிறேன். அந்த வாஷ்பேசினின் இடது குழாயை முழுசாகத் திறக்கக் கூடாது, கால் திருப்பு போதும். வலது குழாய் சாது, அது யாரையும் ஒன்றும் செய்யாது. வருகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது என் வழக்கம். அன்று நீங்கள் கேட்ட கேள்விகளில் சொல்ல விட்டுப்போயிற்று. ஈரக் கையோடு குனிந்து பேசினுக்கு அடியில் இருந்த புதுச் சிமெண்டை நீங்கள் பார்த்தீர்கள். நீங்கள் பார்த்ததை நான் பார்த்தேன். விசாரணைக்கு மறுபடியும் கூப்பிட்டு அனுப்புவீர்கள் என்று அப்போதே தெரியும்.

பிளம்பரிடம் பேசியிருப்பீர்கள். அவன் நல்ல வேலைக்காரன், ஆனால் வாயில் எதுவும் நிற்காது. பைப்பில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை, இந்த அம்மாதான் கழற்று கழற்று என்றார்கள், அப்புறம் அதே பேசினைத் திரும்ப மாட்டச் சொன்னார்கள் என்று சொல்லியிருப்பான். எல்லாம் சரிதான். நான் மறுக்கப்போவதில்லை. பொய் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் பேசினைக் கழற்றியது குற்றமா என்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள். வீடு என் வீடு.

என் கணவரைப் பற்றி உங்களிடம் எல்லோரும் நல்லதாகத்தான் சொல்லியிருப்பார்கள். நானும் அதையேதான் சொல்வேன். ஆள் தங்கம், மண்டை மட்டும் ஓட்டைப் பாத்திரம். கல்யாணமான புதிதில் பெட்ரோல் போட வண்டியை நிறுத்தினார். நான் இறங்கி ஓரமாக நின்றேன். பெட்ரோல் போட்டார், காசு கொடுத்தார், பாட்டுப் பாடிக்கொண்டே போய்விட்டார். வீட்டுக்குப் போய்க் கதவைத் திறக்கச் சாவி தேடும்போதுதான், சாவி என்னிடம் இருப்பதும் நான் பங்க்கில் இருப்பதும் ஞாபகம் வந்ததாம். இந்த ஆள் விமானம் ஓட்டுகிறவர் என்று அங்கே நின்ற பையன்களிடம் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

ஓட்டுவதில் கெட்டிக்காரர். கை சுத்தம். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் பூப்போல இறக்குவார் என்று அவருடைய கம்பெனி மெக்கானிக்கே சொல்லியிருக்கிறார். பார்சல் ஏற்றிப் போகிற ஒற்றை எஞ்சின் விமானம், உள்ளே இவர் ஒருத்தர்தான். அவருக்குத் தகராறு ஒன்றே ஒன்றுதான். நடுவானத்தில் எஞ்சின் நின்றுபோனால் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிசை உண்டு. அட்டையில் அச்சடித்து வைத்திருப்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் அட்டையைத் தேட முடியாது, முதல் வேலைகள் எல்லாம் மனப்பாடமாகக் கைக்கு வர வேண்டும். மற்ற விமானிகள் ஒவ்வொரு வேலைக்கும் முதல் எழுத்தை எடுத்துக் கோத்து ஒரு சொல்லாக்கி வைத்துக்கொள்வார்கள். இவருக்கு எழுத்து நிற்கும், அது எதற்கு வந்த எழுத்து என்பது நிற்காது. பரீட்சை அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து எஞ்சினைக் குறைத்ததும் இவருக்கு வியர்த்துக் கொட்டிவிடும். இரண்டு தடவை தோற்றார். இன்னொரு தடவை தோற்றால் லைசன்ஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கும் கண்ணில் தண்ணீர், காரணம் வேறு.

"கரண்ட் போனா டார்ச் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும். பிரிட்ஜ் மேல."

"ஓட்டை மண்டைக்கு அது மட்டும் எப்படித் தெரியுது?"

"வீடுதான் கண்ணுக்குள்ளயே இருக்கே. கண்ணை மூடிட்டே நடப்பேன்."

அவர் அதைச் சொல்லி முடித்ததும் நான் கத்தியைக் கீழே வைத்தேன். அங்கே ஆரம்பித்ததுதான் சுற்று.

அந்தச் சுற்று இதுதான். கண்ணை மூடி மனசுக்குள் வீட்டில் நடந்தால், ஒவ்வோர் இடமும் ஒரு வேலையை ஞாபகப்படுத்தும். வெளியே கேட். எங்கள் கேட்டின் கொண்டியைக் கீழே அழுத்தினால்தான் திறக்கும், அதனால் கேட் என்றால் விமானத்தின் மூக்கைத் தாழ்த்த வேண்டும். எஞ்சின் நின்றாலும் விமானம் கல் மாதிரி விழாது. மூக்கைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தால் வழுக்கிக்கொண்டே இறங்கும், உயரத்தில் இருந்தால் நிறையவே நேரம் கிடைக்கும். அடுத்தது மிதியடி, கால் வைக்கிற இடம். இறங்குவதற்கு ஒரு வெறும் நிலத்தைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே வந்தால் வாசலுக்கும் ஹாலுக்கும் நடுவே சின்ன நடை. அதில் இடது பக்கம் வாஷ்பேசின், இரண்டு குழாய்கள். விமானத்துக்கும் இடது இறக்கையில் ஒரு டேங்க், வலது இறக்கையில் ஒரு டேங்க். எரிபொருள் ஒரு நேரத்தில் ஒன்றிலிருந்துதான் வரும், எது என்று ஒரு பிடியைத் திருப்பி வைக்க வேண்டும். இந்தக் குழாயை மூடு, அந்தக் குழாயைத் திற. அப்புறம் ஹால். அங்கே சுவிட்ச்போர்டு, எஞ்சினைப் பற்றவைக்கிற சுவிட்ச். சமையலறை அடுப்பின் குமிழ், எரிபொருளும் காற்றும் கலக்கிற பிடி. அலமாரியில் டெலிபோன், விமான நிலைய டவரைக் கூப்பிட்டு நிலைமையைச் சொல்ல வேண்டும். கடைசியாகப் பின்கதவு. தரையைத் தொடும் முன் விமானக் கதவைத் திறந்து வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இடித்து நசுங்கித் திறக்காமல் போய்விடும்.

இதை எந்தப் புத்தகத்திலும் படித்து எடுக்கவில்லை. நான் பள்ளிப் படிப்போடு நின்றவள். அவர் பாடப் புத்தகத்தை வாசித்தார், நான் வீட்டில் இடம் ஒதுக்கினேன். அந்த வாரம் முழுக்க அவரைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் நடத்தினேன். அதில் ஒரு விஷயம் கண்டுபிடித்தேன், இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். அவருக்கு ஓர் இடத்தில் ஒரு வேலைதான் நிற்கும். சுவிட்ச்போர்டில் இரண்டு வேலையை வைத்தால் ஒன்று நிச்சயம் விழுந்துவிடும், அதுவும் பின்னால் வைத்ததுதான் விழும். எத்தனை தடவை சோதித்தாலும் அப்படித்தான். ஓரிடத்துக்கு ஒன்று என்பது எங்கள் வீட்டுச் சட்டமாயிற்று.

பரீட்சையில் அதிகாரி கைகுலுக்கினாராம். வந்து என்னை அலாக்காகத் தூக்கிச் சுற்றினார். "நீதான்டி என் தலை" என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு துரும்பு நகரவில்லை. ஒரு நாள் மிதியடியைத் துவைத்துக் காயப்போட்டேன். காலையில் வெறும் வாசலைத் தாண்டிப் போனவர், பயிற்சியில் எஞ்சினைக் குறைத்ததும் மனசுக்குள் கேட்டைத் திறந்து உள்ளே வந்து அங்கேயே நின்றுவிட்டார். மிதியடியைக் காணாமல் கால் எடுத்து வைக்கத் தெரியவில்லை. வந்து கெஞ்சினார். "தாயே, வீட்டுல எதை மாத்தினாலும் முன்னாடியே சொல்லிடு. உசுரு விஷயம்." சரி என்றேன். அன்றிலிருந்து அடுப்பு பழசானால் அதே மாதிரி அடுப்பு. டெலிபோன் ரிப்பேரானால் அதே அலமாரியில் அதே இடம். மற்ற பெண்கள் பொழுதுபோகாவிட்டால் சோபாவை இந்தப் பக்கம் தள்ளுவார்கள், அந்தப் பக்கம் தள்ளுவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் குடியிருந்தது வீட்டில் அல்ல, ஒரு விமானத்துக்குள். அதில் எனக்கு மனக்குறை இருந்ததா என்றால், கொஞ்சம் இருந்தது. பெருமை அதைவிட அதிகமாக இருந்தது. வானத்தில் அவர் எங்கே பறந்தாலும் என் வீட்டுக்குள்தான் நடந்துகொண்டிருந்தார். வேறு எந்தப் பெண்டாட்டிக்கு இது வாய்க்கும்?

இப்போது அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். நீங்களும் அதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள், முகத்தில் தெரிகிறது.

டவரில் மைக்கில் பேசுகிறவள். விமானிகள் அவளுக்குத் தேன்குரல் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். முதலில் இவர் அவளைப் பற்றிப் பேசவே மாட்டார். அப்புறம் சாப்பிடும்போது ஒரு தரம், செருப்பு மாட்டும்போது ஒரு தரம். "தேன்குரல் இன்னிக்குச் சரியாச் சொன்னா", "தேன்குரலுக்கு ஜலதோஷம்". ஒருத்தியின் ஜலதோஷம் என் சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்துவிட்டது. மேசை மேல் போனைக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தார். தானாகச் சிரித்தார். எல்லாவற்றையும் விட, காலையில் நான் சட்டை அயர்ன் செய்யும்போது என்னிடம் சுற்று ஒப்பிப்பது வழக்கம், அதை இரண்டு நாள் மறந்தார். கேட்டதற்கு, "அங்கேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்துட்டேன்" என்றார். யாரிடம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள்.

"ஒருத்தரை வீட்டுக்குக் கூட்டிட்டு வரட்டுமா?" என்று வேறு ஒரு நாள் கேட்டார். "வீடு ஒழுங்கா இல்லை" என்றேன். எங்கள் வீடு ஒழுங்காக இல்லையாம். ஒரு துரும்பு நகராத வீடு. அவர் அதைக்கூட யோசிக்காமல் சரி என்றார். குற்றமுள்ள நெஞ்சு வேறு எப்படி இருக்கும்?

ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனார். எடுத்துக்கொண்டு விமான நிலையக் கேண்டீனுக்குப் போனேன். வேண்டுமென்று வேவு பார்க்கப் போகவில்லை, டப்பா உண்மையிலேயே மறந்துபோனதுதான். ஜன்னலோர மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். கையைப் பிடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். ஊரே சாப்பிடுகிற இடத்தில், இரண்டு பெரிய மனிதர்கள் கண்ணை மூடிக்கொண்டு. நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கேட்டைத் தள்ளுறேன். மிதியடி. உள்ள வந்தா இடது பக்கம் பேசின், ரெண்டு குழாய்..."

"ம்ம்," என்றாள் அவள். "அப்புறம்?"

அப்புறம் ஹால். அப்புறம் என் சமையலறை. என் வீட்டுக்குள் அவளைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தார், நான் உள்ளே இல்லாத நேரம் பார்த்து. டப்பாவைக் கல்லாவில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம், "டப்பா எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். "பக்கத்து வீட்டுப் பையன் அந்தப் பக்கம் போனான், குடுத்துவிட்டேன்" என்றேன். நான் சண்டைக்காரி இல்லை. கத்துவது, கூட்டம் கூட்டுவது, தாய்வீட்டுக்குப் பெட்டி கட்டுவது எதுவும் எனக்கு ஒத்துவராது.

நான் நினைத்தது இவ்வளவுதான். அவள் பார்த்துவிட்ட வீடு இனி எனக்கு வேண்டாம். கொஞ்சம் மாற்றிவிடுவோம்.

அடுத்த மாதம் அவர் வேறு ஊர் ஓட்டத்துக்கு ஒரு வாரம் போனார். பிளம்பரைக் கூப்பிட்டேன். பேசினைக் கழற்றினான், பைப் வாயை அடைத்தான், சுவரைப் பூசினான். அதற்கு மேல் நானே வெள்ளையடித்தேன். பேசினைப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். ஏன் பேசின், ஏன் அடுப்பு இல்லை, ஏன் டெலிபோன் இல்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அடுப்பில்லாமல் சமைக்க முடியுமா? நடையில் பேசின் ஓர் இடைஞ்சல்தான், போக வர இடுப்பில் இடிக்கும். அதைத்தான் எடுத்தேன். அது எதைக் குறிக்கிறது என்று அப்போது நினைத்தாயா என்று கேட்டால், நினைக்காமல் இருக்க எனக்கு மறதி இல்லை.

அவர் வந்தார். நடையில் நின்றுவிட்டார். வெள்ளைச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"பேசின் எங்கே?"

"பைப் ஒழுகிச் சுவரெல்லாம் ஊறிப்போச்சு. கழட்டியாச்சு."

"சொல்லவே இல்லையே." குரல் இறங்கிவிட்டது. "அப்போ டேங்க்கை எங்க வைக்கிறது?"

"ஹால்ல சுவிட்ச்போர்டு இருக்குல்ல? அதோட சேர்த்து வெச்சுக்கோங்க. முதல்ல சுவிட்ச், அப்புறம் டேங்க்."

"ஓரிடத்துக்கு ஒண்ணுன்னு நீதானே சொன்ன?"

"அது அப்போ. இத்தனை வருஷம் ஓட்டியாச்சு, இன்னும் பச்சப்புள்ளையா நீங்க?"

சிரித்தார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். நான் சொன்னதை அவர் ஒருநாளும் தட்டியதில்லை. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம் தினமும் காலையில் வழக்கம்போல ஒப்பித்தார். சுற்றை என்னிடம் சொல்வதை மறுபடி நிறுத்தாமல் பார்த்துக்கொண்டேன். ஆரம்பத்தில் நடைக்கு வரும்போது ஒரு நொடி நிற்பார், வெற்றுச் சுவரைப் பார்ப்பார், பிறகு ஹாலுக்குப் போய், "சுவிட்ச், டேங்க்" என்பார். நான் அயர்ன் பெட்டியைக் கொஞ்சம் வேகமாகத் தேய்த்து, "ம், அடுப்பு" என்று முந்திக்கொள்வேன். அவ்வளவுதான். தடுக்கவில்லை, மாற்றிச் சொல்லவில்லை. கொஞ்சம் அவசரப்படுத்தினேன். சில நாளில் நடையில் நிற்பதை விட்டார். இன்னும் சில நாளில் சுவிட்சுக்குப் பிறகு அடுப்பு என்றார். நான், "சபாஷ்" என்றேன். அந்தச் சபாஷ் எனக்கே கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அவர் எவ்வளவு சந்தோஷப்பட்டார் தெரியுமா? முகம் அப்படி மலர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகும் பல வாரம் பறந்தார், ஒன்றும் ஆகவில்லை. அவருடைய ஓட்டமெல்லாம் சின்ன ஓட்டம், ஒரு டேங்க்கே தாராளம். காலையில் மெக்கானிக் எது நிறைந்திருக்கிறதோ அந்தப் பக்கம் பிடியைத் திருப்பி வைத்துவிடுவார். பறக்கும்போது அவ்வப்போது சுற்று ஓட்டிப் பார்த்து டேங்க்கை மாற்றுவது இவருக்கு வழக்கமாக இருந்தது. அந்த வழக்கமும் பேசினோடு போய்விட்டது, ஆனால் யாருக்கும் தெரியவில்லை. பார்த்தீர்களா, நான் ஒரு கெடுதலும் நினைக்கவில்லை என்பதற்கு இதுவே சாட்சி. கெடுதல் நினைத்திருந்தால் இத்தனை வாரம் பொறுப்பேனா?

பிறகு அந்த நீண்ட ஓட்டம் வந்தது. கடலோரம் போய் அப்படியே தெற்கே இறங்கித் திரும்ப வேண்டும், இரண்டு டேங்க்கும் தேவைப்படும் என்று முதல் நாளே சொன்னார். நான் டப்பாவில் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பாடு வைத்தேன். கிளம்பும்போது கேட்டருகே திரும்பினார்.

"தூரமான ஓட்டம். ஒரு தடவை கேட்டுடேன்."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். கேட், மிதியடி, ஹால், அடுப்பு, டெலிபோன், பின்கதவு. தண்ணீர் மாதிரி ஓடியது.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு" என்றேன்.

அன்று எஞ்சின் நின்றபோது அவர் நல்ல உயரத்தில் இருந்தார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். மூக்கைத் தாழ்த்தியிருக்கிறார். ஒரு வயலைப் பார்த்து வைத்திருக்கிறார். சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார், கலவைப் பிடியைத் தள்ளியிருக்கிறார், டவரைக் கூப்பிட்டிருக்கிறார். எரிபொருள் இருக்கிறதா என்று அவள் கேட்டதற்கு, முள் முழுசாகக் காட்டுகிறது என்றிருக்கிறார். அதுவும் உண்மைதான், வலது டேங்க் முள். எஞ்சின் குடித்துக்கொண்டிருந்தது இடது டேங்க், அது வறண்டு கிடந்தது. வயலுக்கு முன்னால் ஒரு கால்வாய்க் கரை இருந்தது மேலிருந்து தெரிந்திருக்காது, அதில் போய் மோதியிருக்கிறார். வலது இறக்கையிலிருந்து எரிபொருள் வழிந்து சேறாகிக் கிடந்ததாம். கதவு திறந்தே இருந்ததாம். அதை நீங்கள் சொன்னபோது நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். பின்கதவு வரைக்கும் வந்திருக்கிறார். நான் சொல்லிக்கொடுத்த ஒன்றைக்கூட விடவில்லை.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு பேசினைத் திரும்ப மாட்டினேன். ஏன் என்று கேட்டீர்கள். தடயத்தை அழிக்க என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அது இல்லை. நடையில் அந்த வெள்ளைச் சுவரைத் தாண்டும்போதெல்லாம் எனக்கே கால் தடுமாறியது.

போன தடவை வந்தபோது அந்தப் பெண் சொன்னதை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அவளும் ஏதோ வேலை உயர்வுப் பரீட்சையில் தோற்றுக்கொண்டிருந்தாளாம். இவர், என் பொண்டாட்டிகிட்ட ஒரு வித்தை இருக்கு, நான் ஆளானதே அதாலதான் என்று சொல்லி, எங்கள் வீட்டைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாராம். அதே மாதிரி அவள் தன் வீட்டைச் சுற்றிப் படித்துப் பாஸாகிவிட்டாளாம். என்னைப் பார்த்து நன்றி சொல்ல வர வேண்டும் என்று இவரிடம் பலமுறை கேட்டாளாம். படித்து முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். நான் இடிந்துபோவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போல.

நான் உங்களைக் கேட்கிறேன். என் வித்தையை என்னைக் கேட்காமல் கொடுக்கலாமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருப்பேன். வரட்டுமா என்று கேட்டாரே என்பீர்கள். யார் என்று சொல்லவில்லையே. நானும் கேட்கவில்லை என்பீர்கள். சரி, கேட்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் நீங்கள் பேனாவை மூடவில்லை. உங்களுக்கு வேண்டியது அந்தப் போன். அதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் எனக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள்.

அன்று நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அலமாரியில் டெலிபோன் அடித்தது. அந்தக் குரலை முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிட்டேன். தேன் எல்லாம் இல்லை, மூச்சு வாங்கியது.

"அக்கா, டவர்லேர்ந்து பேசுறேன். அவருக்கு எஞ்சின் நின்னுபோச்சு. மேலதான் இருக்காரு, இறங்கிட்டு இருக்காரு. உங்களைக் கேக்கச் சொல்றாரு. வாசலுக்கும் ஹாலுக்கும் நடுவுல என்னமோ இருந்துச்சாம், என்னன்னு ஞாபகம் வரலையாம். என்னக்கா இருந்துச்சு?"

மடித்த துணியைக் கீழே வைத்தேன். யோசித்தேன்.

"எங்கிட்டயும் ஒரு தடவை சொன்னாரு. ஏதோ குழாய்னு... குழாய் ஏதாச்சும் இருக்காக்கா? சீக்கிரம் பாத்துச் சொல்லுங்க."

என் கணவரிடம் அவள் நேரடியாகப் பேசலாம், நான் அவள் வழியாகத்தான் பேச வேண்டும். அவர் உயிருக்கு என் வீட்டில் வழி கேட்கிறார், கேட்கிற வாய் அவளுடையது. அதுதான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது, வேறு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு வார்த்தை போதும் என்று தெரியும். டேங்க்கை மாத்து. சொன்னால் பிடியைத் திருப்புவார், சில நொடியில் எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்துவிடும், சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தேன்குரல்தான் காப்பாற்றினாள் என்று சாப்பிட்டுக்கொண்டே சொல்வார்.

அவசரப்பட்டுத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது அல்லவா? ரிசீவரை அலமாரி மேல் வைத்துவிட்டு எழுந்து போனேன். பாத்துச் சொல்லுங்க என்றாளே, பார்க்கத்தான் போனேன். கேட் வரைக்கும் நடந்தேன். கொண்டியை அழுத்தித் திறந்து, மறுபடி மூடினேன். மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டேன். நடைக்கு வந்தேன். இடது பக்கம் சுவர் வெள்ளையாக இருந்தது, நன்றாகக் காய்ந்திருந்தது. கையால் தடவியும் பார்த்தேன். ஹாலைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, அலமாரிக்கு வந்து ரிசீவரை எடுத்தேன். அவள் அக்கா அக்கா என்று அழுதுகொண்டிருந்தாள்.

உள்ளது உள்ளபடிதான் சொன்னேன். இந்த வழக்கில் எல்லோரும் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், பொய் சொன்னாள் என்று மட்டும் ஒருவரும் சொல்ல முடியாது. நன்றாகப் பார்த்துவிட்டுத்தான், "அங்க ஒண்ணுமே இல்லைம்மா" என்றேன்.